நர்ஸம்மாவின் கோமாளி மீன்

வாசலூர்பட்டி என்ற மலைக்கிராமத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். கடலோரத்து மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரர். நெடுநெடுவென்ற உயரம். புடவைத் தலைப்பை எப்போதும் இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார்.

லீவுக்கு ஊருக்குப் போனவர், ரயிலிலும் லாரியிலுமாக ஜாடி ஜாடியாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே ஒரு கோமாளி மீனும் கடல் சாமந்தியும். சாமந்தி என்றாலும் அது பூ இல்லை. கொட்டும் விழுதுகளுள்ள உயிர். கடலில் இந்த மீனுக்கு அதுதான் வீடு. ஆனால் கண்ணாடித் தொட்டியில் விட்டதும் மீன் மூலையில் ஒண்டிக்கொண்டது.

மலையில் கரண்ட் கிடையாது. லாரி டியூபில் காற்றடித்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விடுவார். பிரசவம் பார்த்துவிட்டுக் களைத்து வந்தாலும் முதல் வேலை அதுதான்.

மீன் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க நர்ஸம்மா, குச்சியால சாமந்திக்குள்ள தள்ளி உட்டா என்னங்க?"

"தள்ளினா கொட்டுப்பட்டுச் செத்துரும் சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகணும். தானாப் போய்த் தொடணும்."

"தொடலீன்னா?"

"தொடும்."

தொட்டிக்குள் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, இரண்டையும் நெருக்கமாக அடைத்து வைத்தார். மீன் வாலால் ஒரு விழுதைத் தொட்டது, துள்ளி விலகியது, மறுபடி தொட்டது. பல நாள் இப்படியே போனது. ஒரு மத்தியானம் கூடை இடுக்கு வழியே பார்த்தேன். விழுதுகளுக்கு நடுவில் மீன் சுகமாகப் படுத்திருந்தது.

"நர்ஸம்மா!" என்று கத்தினேன்.

ஓடிவந்து குனிந்து பார்த்தார். "மெதுவாப் பேசுங்க சார், இப்பத்தான் படுத்திருக்கு" என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

எத்தனையோ கஷ்டமான பிரசவங்களில் கலங்காதவர் அவர். அன்றைக்கு ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.