மூன்றாவது வருடத்துக் கயிறு

வெர்னா கௌப்பி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள். அறுபதை நெருங்குகிற வயதில் அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களிடம், "பதினாறு வயசுல அப்பா வாங்கித் தரல, அதான்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிப்பதைத் தொடர்ந்தாள். புருஷன் கார்ல் வாயைத் திறந்து அதிகம் பேசாத மனுஷன். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய், கொட்டகையில் இருந்த பனி தள்ளும் இயந்திரத்தை ஒரு மூலைக்கு நகர்த்தி இடம் பண்ணினான். அதுதான் அவன் சம்மதம்.

வண்டி எண்பத்தொன்றாம் வருடத்து ஜப்பான் வண்டி. ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் வைக்கோலுக்கு அடியில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கி வந்த அன்று கார்லின் தம்பி ரூடி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணி, இது வண்டியா இல்ல கோழிக்கூடா?"

"கோழிக்கூடுன்னா முட்டையாவது கிடைக்கும். நீ ஸ்பேனரை எடு."

அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க இரண்டு பேரும் கொட்டகையிலேயே கிடந்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றினால் பழைய பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போகிற சின்னத் துளைகளைக் கிடார் கம்பியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார்கள். டாங்கிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். மூன்றாவது உதையில் வண்டி இருமியது, ஐந்தாவதில் உறுமியது. வெர்னா எண்ணெய்க் கையோடு ரூடியைக் கட்டிப்பிடித்து அவன் சட்டையைப் பாழாக்கினாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியில் ஊரே செய்கிறதை வெர்னாவும் செய்தாள். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள். பீட்ரூட்டை ஜாடிகளில் அடைத்து நிலவறையில் அடுக்கினாள். பிறகு கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, பூட்டு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றின் சாவித் துவாரத்திலும் அமுக்கினாள். எங்கள் குளிரில் துவாரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்தாலும் போதும், வீட்டு வாசலிலேயே விறைத்துச் சாக வேண்டியதுதான். வாசல் கதவு, கார், கொட்டகை, தபால் பெட்டி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. பிறகு பனி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

மே மாதம் பள்ளத்துப் பனி மட்டும் மிச்சமிருக்கும்போது எங்கள் ஆட்கள் வண்டிகளை வெளியே எடுப்பார்கள். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரவர் வண்டியில் ஆட்டர் பே தேவாலயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணி அடித்ததும் பாதிரியார் வாளித் தண்ணீரில் தேவதாருக் கிளையைத் தோய்த்து வண்டிகள்மேல் தெளிப்பார். அதன்பிறகு வரிசையாக ஏரி முனையில் இருக்கிற கலங்கரை விளக்கம்வரை சவாரி. யாருடைய மோட்டார் சைக்கிள் வேறொரு வண்டிமேல் ஏறி வந்து சேர்கிறதோ அவருக்கு ஒரு மரியாதை உண்டு. கிரீஸும் சேறும் ஊறிய இழுவைக் கயிறு ஒன்றைக் கழுத்தில் மாட்டுவார்கள். அவர் வரிசையில் கடைசியாகத்தான் போகவேண்டும். கயிறு அடுத்த மே மாதம்வரை அவர் வீட்டு வாசலில் தொங்கவேண்டும்.

தொடர்ந்து மூன்று வருடம் கயிறு வாங்கினால் வண்டியே போய்விடும். பெவ் நடத்துகிற மதுக்கடை வாசலில் அதை நட்டு, டாங்கியை அறுத்து, மண் கொட்டி, பெட்யூனியாச் செடி வைத்துவிடுவார்கள். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். வால்ட் பெராலாவின் பழைய வண்டி அங்கேதான் நிற்கிறது. டாங்கியில் ஊதாப் பூ, சீட்டில் குருவி எச்சம். வால்ட் அதைப் பார்க்காமல் பக்கத்துக் கதவு வழியாகத்தான் உள்ளே போவான்.

முதல் மே மாதம் வெர்னாவின் வண்டி பழைய மர அறுவை மில் வளைவில் நின்றது. பின்னால் வந்த ரூடி, வால்ட் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ரூடி வழக்கம்போல முதல் வேலையாக டாங்கி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"பெட்ரோல் இருக்கே! கார்புரேட்டர்தான்" என்று அதன் வயிற்றில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் நாலு தட்டுத் தட்டினான். உதைத்தான். வண்டி கிளம்பிவிட்டது.

"பார்த்தீங்களா அண்ணி? கைராசி."

கைராசி கொஞ்ச தூரம்தான் தாங்கியது. மறுபடியும் நின்றது. மறுபடியும் ரூடி மூடியைத் திறந்து பார்த்தான். இந்தத் தடவை வால்ட் பிளக்கை மாற்றினான். வண்டி கிளம்பியது. "நான் அப்பவே சொன்னேன், பிளக்குன்னு" என்று வால்ட் மார்தட்டினான். அடுத்த தடவை நின்றபோது மணி அடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. வண்டியை ரூடியின் மகன் ஓட்டிவந்த டிரக்கில் ஏற்றினார்கள். வெர்னா கழுத்தை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் அவள் வண்டிக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. படகுத்துறையில் விற்கிற எத்தனால் சாராயம் கலக்காத பெட்ரோலைத் தேடிப் போய் வாங்கி ஊற்றினாள். பெட்ரோல் குழாய், வடிகட்டி, பிளக், காயில், பாட்டரி எல்லாம் புதுசு. கொட்டகையில் ஓடவிட்டால் அரைமணி நேரம் சமர்த்தாக ஓடும். பள்ளிக்கூடம்வரை போய்வந்தால் ஒரு குறையும் சொல்லாது. நீளச் சாலையைப் பார்த்தால்தான் அதற்கு உயிர் போகும். கடைசியில் வண்டியில் பழசு என்று மிச்சமிருந்தது பெயிண்ட்டும் டாங்கி மூடியும்தான். இரண்டாவது மே மாதமும் கயிறு அவளுக்கே வந்தது.

மூன்றாவது மே மாதம் நெருங்க நெருங்க வெர்னாவுக்குப் பயம் கூடியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வைத்த சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வெள்ளிக்கிழமை மதுக்கடைப் பக்கம் போனவள் வாசலில் ஒரு மூட்டை மண்ணையும் ஒரு தட்டுப் பெட்யூனியா நாற்றையும் பார்த்துவிட்டாள்.

"என்ன பெவ், இப்பவே வாங்கிட்டியா?"

"தள்ளுபடியில கிடைச்சுதுடி. கோவிச்சுக்காத" என்றாள் பெவ். "உனக்குப் பிடிச்ச வெள்ளைப் பூவாத்தான் பார்த்து எடுத்தேன்."

வெர்னா வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் போய் டாங்கியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. இரும்புக்காகப் போய் யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குப் பிறகு ரூடி வந்தான். "அண்ணி, நாளைக்கு நான் டிரக்கையே எடுத்துட்டு உங்க பின்னாடி வர்றேன். என் வண்டியை அதுல போட்டுக்கிறேன். நீங்க நின்னா, என்னோடதை இறக்கிட்டு உங்களோடதை ஏத்திக்கலாம்."

"நின்னா இல்ல, நிக்கும்னே முடிவு பண்ணிட்ட."

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி சொல்றேன்."

கார்ல் நீராவிக்காகச் சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றுகிற கரண்டியைக் கழுவிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னான்: "அவ ஓட்டிட்டுப் போவா." வருடத்துக்கு ஒரு தடவை கார்ல் இப்படிப் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா யாருக்கும் சொல்லாமல் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். வழியில் பத்துத் தடவை நின்றாலும் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரலாம் என்பது கணக்கு. நல்ல வெயில். பிர்ச் மரங்களில் இளம் இலை விட்டிருந்தது. கறுப்பு ஈக்கள் ஹெல்மெட்டில் மோதிக்கொண்டே இருந்தன. வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. அவளும் கூடச் சேர்ந்து ஒரு பாட்டை எடுத்தாள்.

மர மில் வளைவு வந்தது. வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றது.

"பாவி" என்றாள் வெர்னா. "இந்த இடத்துல உனக்கு என்னதான் வேண்டுதலோ!"

சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. மில் மூடிப் பல காலமாகிறது. என்ஜின் சத்தமும் இல்லை, ரூடியின் வாயும் இல்லை, ஆளாளுக்குச் சொல்கிற வைத்தியமும் இல்லை. பழக்க தோஷத்தில் அவளும் சாவியைப் போட்டு டாங்கி மூடியைத் திறந்தாள்.

உஸ்ஸ்ஸ்.

வெர்னாவின் கை அப்படியே நின்றது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நிலவறையிலிருந்து பீட்ரூட் ஜாடியை எடுத்து வந்து மூடியை நெம்பும்போது வருமே, அதே சத்தம். காற்றில்லாத ஜாடிக்குள் காற்று புகுகிற சத்தம். இத்தனை நாள் ரூடிதான் மூடியைத் திறப்பான். சுற்றி நாலு வண்டி உறுமிக்கொண்டிருக்கும், எட்டுப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். யாருக்குக் கேட்கும்?

"அடக் கடவுளே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காற்று புக வழியில்லாத ஜாடியைச் சாய்த்தால் சாறு இறங்குமா? டாங்கிக்குள் காற்று போக வழியில்லை, அதனால் பெட்ரோல் இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரூடி மூடியைத் திறந்தபோதே வண்டி சரியாகிவிட்டது. அப்புறம் அவன் தட்டியதும் வால்ட் பிளக்கை மாற்றியதும் வெறும் கூத்து! வெர்னா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் காற்றுக்கென்று ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கவேண்டும். அது இருந்த இடத்தில் மஞ்சளாக, கெட்டியாக, கிரீஸ் உட்கார்ந்திருந்தது. மேலே பூட்டுக்குள் அமுக்கிய கிரீஸ் கீழே இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. யார் அமுக்கியது? இந்தக் கைதான்!

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தனியாக, காட்டு ரோட்டில், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சமையலறையில் முடி விழாமல் தலையில் போடுகிற வலைக்குக் குத்துகிற ஹேர்பின்னைக் கொண்டையிலிருந்து உருவி, துளையைக் குடைந்தாள். வாய் வைத்து ஊதினாள். வாயெல்லாம் பெட்ரோலும் கிரீஸும். தூ தூ என்று துப்பிவிட்டு மறுபடி ஊதினாள். காற்று மறுபக்கம் வந்து விரலில் பட்டது. மூடியைப் பூட்டினாள். ஒரே உதை.

அதன்பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

தேவாலய வாசலில் அவள் போய் இறங்கியபோது ஊரே திரும்பிப் பார்த்தது. வால்ட் ஓடி வந்து, "நான் போட்ட பிளக்!" என்றான். கார்புரேட்டரைப் பிரித்தவன், காயில் மாற்றியவன், வடிகட்டி வாங்கித் தந்தவன் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அது தன்னால்தான் என்றார்கள். வெர்னா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கலைந்த கொண்டையும் கிரீஸ் உதடுமாக நின்று நடந்ததைச் சொன்னாள். கிரீஸ் அடைத்தது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே மூன்று பேர் நைசாக நழுவிப் போய்த் தங்கள் வண்டி மூடிகளைத் திருப்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பூட்டுக்குக் கிரீஸ் போடாதவர் யார்?

மணி அடித்து ஓய்ந்தது. பாதிரியார் கிளையை வாளியில் தோய்த்தார். அப்போதுதான் ரூடியின் டிரக் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. முகம் வெளுத்துப்போய் இறங்கினான்.

"அண்ணி! வழி நெடுக ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பார்த்துட்டு வர்றேன். நீங்க எங்க விழுந்து கிடக்கீங்களோன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் டிரக்கின் பின்பக்கம் இருந்தது. அங்கே ரூடியின் பளபளக்கிற புது வண்டி, நாலு பக்கமும் வாரால் கட்டப்பட்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"வண்டிமேல வண்டி வந்திருக்கு" என்றான் வால்ட், மிக மெதுவாக.

"டேய், இது ரிப்பேரே இல்லடா! அண்ணிக்காகத்தான்..."

"காரணம் கேக்கறதெல்லாம் வழக்கத்துல இல்ல" என்றாள் பெவ்.

போன வருடம் வாங்கியவர்தான் இந்த வருடத்துக்காரருக்கு மாட்டவேண்டும். வெர்னா தன் பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். ரூடி கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து கழுத்தைக் கொடுத்தான். அவள் மாட்டிவிட்டு அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது.

"ஒண்ணு சொல்றேன் ரூடி. ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சரி பண்ணினது நிஜமாவே நீதான். மூடியைத் திறந்தவன் நீதானே?"

ரூடி இதைக் கேட்டு யோசித்தான். அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அன்று மாலைக்குள் ஊரில் எல்லோரிடமும் இதைச் சொல்லி முடித்துவிட்டான், கழுத்தில் கயிற்றோடு.

பெவ் தன்னோடு கொண்டுவந்திருந்த பெட்யூனியா நாற்றுத் தட்டை வெர்னாவின் கையில் திணித்தாள். "நீயே வெச்சுக்கோ. என் வாசல்ல ஒரு பொணம் போதும்." வெர்னா அதைப் பக்கவாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

சவாரி கிளம்பியது. இரண்டு வருடம் டிரக் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த சாலை அது. இப்போது அவள் முதல் ஆளாகப் போனாள். பின்னால் நாற்பது வண்டிகளின் சத்தம், கடைசியில் ரூடியின் ஹாரன். வலப்பக்கம் ஏரி நீலமாகத் திறந்து கிடந்தது. பையிலிருந்து நாலு வெள்ளைப் பூ எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியில் வண்டி நின்றது. அவள் சாவியைத் திருப்பியதால் நின்றது.