மாலா மாவா

ஈரக்கையோடு மாலா அந்த ஃபைலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கிரைண்டர் மூடிமேல் கிடந்தது அது. திறந்து பார்த்தாள். பச்சைத் தாளின் அடியில் ஒரே ஒரு சொல். 'பேசவும்.' அதன் கீழே கையெழுத்து, தேதி.

"என்ன பேசணும்? மூணடி தள்ளித்தானே உக்காந்திருக்கேள்?"

"வாயால கூப்பிட்டா ரெக்கார்ட் இருக்காது," என்றார் அவள் கணவர் அம்பி, சாப்பாட்டு மேஜையிலிருந்து. "பத்தி பதினொண்ணு பாரு. வாராந்திர இன்ஸ்டாகிராம் பதிவு அட்டவணை. உன் சம்மதம் வேணும்."

மாலா படித்தாள். திங்கள் இட்லிப் படம். செவ்வாய் தோசைப் படம். கெஸட்டட் விடுமுறைகளில் பதிவு இல்லை.

"லீவு நாள்லதானே ஊரே தோசை வார்க்கறது?"

"ஆட்சேபணையை எழுத்துல குடு."

மாலா கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் ஆட்சேபணை எதுவும் கேட்காது.

அம்பிக்கு வயது அறுபத்து மூன்று. சர்வீஸ் புத்தகத்தில் பெயர் வைத்தீஸ்வரன். எண்பத்தெட்டில் தில்லிக்கு வந்து, மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். முடிவெடுத்தார் என்று அவர்மேல் ஒருமுறைகூடப் புகார் வந்ததில்லை. வந்த ஃபைலை ஆராய்ந்து, மேலே அனுப்பி, திரும்பி வந்ததை மறுபடி ஆராய்ந்தார். அலுவலக ஹிந்தி விழாவில் மூன்று முறை ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறார். மூன்று கோப்பைகளும் டி.வி.க்கு மேலே நிற்கின்றன. ஒன்றில் மாலா ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள்.

ஓய்வுக்குப் பிறகு சரோஜினி நகரை ஒட்டிய பிலஞ்சியில் முதல் மாடி வாடகை வீடு. அங்கேதான் மாலா மாவரைத்து விற்கத் தொடங்கினாள். கிட்வாய் நகரிலும் லக்ஷ்மிபாய் நகரிலும் முப்பத்தொரு வீடுகள் வாங்கின. பிறகு கம்பெனி மாவைப் பத்து நிமிடத்தில் வாசலில் கொண்டு தருகிறவர்கள் வந்தார்கள். ஏப்ரலில் இருபத்து நான்கு வீடுகள் மிஞ்சின.

மகள் ஸ்நேஹா குருகிராமில் பதினேழாவது மாடியில் இருக்கிறாள். "பதினஞ்சுக்குக் கீழ போச்சுன்னா கிரைண்டரைக் குடுத்துட்டு இங்க வந்துடணும்மா. ப்ராமிஸ்?" என்று கேட்டாள். மாலா சரி என்றாள். பதினைந்துக்குக் கீழே போகாது என்ற நம்பிக்கையில் சொன்னது அது. அந்தப் பதினேழாவது மாடியில் ஒருமுறை பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். லிஃப்ட்டின் குரலைத் தவிர அவளிடம் பகலில் யாரும் பேசவில்லை.

"இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சா என்ன?" என்று அவள் கேட்டது ஏப்ரல் முதல் வாரம்.

அம்பிக்கு முகம் மலர்ந்தது. "ஆரம்பிக்கலாம். ஆனா முதல்ல திட்டமிடணும். எல்லாரும் திட்டமில்லாம குதிச்சுட்டுத்தான் கெட்டுப் போறா."

மே மாதம் திட்டத்தில் 'நோக்கம்' முடிந்தது. ஜூனில் 'வாடிக்கையாளர் யார்'. அதில் தில்லி மக்கள்தொகை இடம்பெற்றது. ஜூலையில் 'இடர்கள்'. நிலநடுக்கம் உண்டு, யமுனை வெள்ளம் உண்டு, மாவு புளிப்பது மட்டும் விட்டுப்போய்ப் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. ஆகஸ்டில் வீடுகள் பத்தொன்பது ஆயின. அம்பி அதையும் உரிய பத்தியில் குறித்துக்கொண்டார்.

செப்டம்பரில் பெயர்.

"மாலா மாவுன்னு வைங்கோளேன்," என்றாள் அவள்.

"மாவுங்கறது ஹிந்திக்காரா வாயில நுழையாது. ஹிந்தியில இந்த மாதிரி சாமானெல்லாம் 'ஆ'ல முடியணும். ஆட்டா. மைதா."

"கடலை மாவு? பேசன்னுதானே சொல்றா?"

"அது விதிவிலக்கு. மாலா மாவா. இயைபாவும் வர்றது பாரு."

பாலைச் சுண்டவைத்து வருவதை முப்பத்தேழு வருடமாக அவர் கோயா என்றே கேட்டு வாங்கியிருந்தார். அதற்கு மாவா என்று இன்னொரு பெயர் உண்டு என்பது ஆறுதல் பரிசுக்குத் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் என்ன விற்கிறது என்பது, எண்பத்தெட்டிலேயே கிளம்பி வந்துவிட்டவருக்கு எப்படித் தெரியும்?

விதிப்படி ஆலோசனையும் நடந்தது. நாற்பத்தோரு பக்கத் திட்டம் கோல் மார்க்கெட்டில் இருந்த முன்னாள் சகா வெங்கிக்குப் போனது. 'பார்த்தேன். கருத்தில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார் வெங்கி. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம் பெயரை மட்டும் சொல்லிப் பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் பட்டியலில் இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, நல்ல நேரத்தில் பக்கம் திறந்தது. அன்று வீடுகள் பதினான்கு. அவர்களை அழைத்துப்போக ஞாயிறு வருவதாக ஸ்நேஹா சொல்லியிருந்தாள்.

மதியத்துக்குள் எழுபத்தொரு செய்திகள்.

"பாத்தியா! திட்டமிடல்!" அம்பி எழுந்தே நின்றுவிட்டார். "எல்லாரும் கிலோ என்ன விலைன்னு கேக்கறா!"

மாலா போனை வாங்கிப் பார்த்தாள். மாவா சுத்தமானதா? குலாப் ஜாமூனுக்குச் சரிவருமா? ஐந்து கிலோ, ஜல்தி. அறுபது செய்திகள் இப்படி. மீதிப் பதினொன்று தமிழில், தணிந்த குரலில். 'மாவா கிடைக்குமா? நேர்ல வரலாமா? சேஃபா?'

"எதுக்கு சேஃப்?" என்றார் அம்பி. போனில் தேடினார். படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாலா... ஊர்ல அதுக்குத் தடையாம். புகையிலையாம். மெல்லுவாளாம்."

"அதுல என் பேரைப் போட்டுட்டேளா?"

"போலீஸ் வருவானோ?"

மாலா கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செய்தி அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "பையா, கோயா நஹி. டோசா கா பேட்டர் ஹை. சாஹியே?" அண்ணா, கோயா இல்லை, தோசை மாவு, வேண்டுமா என்று. பாதிப்பேர் வைத்துவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண்மணி, பத்து நிமிட மாவு புளிப்பதே இல்லை, இது புளிக்குமா என்று கேட்டாள். புளிக்கும் என்றாள் மாலா. ஆறு பேர் அனுப்பச் சொன்னார்கள்.

தமிழ்ப் பையன்களில் பத்துப் பேர் போனை எடுக்கவில்லை. பதினொன்றாமவன் மதன். முனிர்க்காவில் ஒரே அறையில் ஐந்து பேர், எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேலை.

"மாவா இல்லப்பா. இட்லி மாவு."

அந்தப் பக்கம் யாரிடமோ 'இட்லி மாவாம்டா' என்றான்.

"அரைச்ச மாவாம்மா? நீங்களே ஆட்டுறதா?"

"நான்தான்."

"சரி, மாவா இல்லன்னா மாவாவது குடுங்கம்மா. வாரம் மூணு நாளு, ரெண்டு ரெண்டு கிலோ. நாங்க அஞ்சு தடிப்பயலுக இருக்கோம்."

மாலா காலண்டரின் பின்பக்கம் எழுதினாள். இருபத்தொன்று.

"உடனே பக்கத்தை எடுத்துடணும்," என்றார் அம்பி.

"எடுங்கோ."

"நினைச்சா எடுக்க முடியுமா? அதுக்கு ஒரு நோட் போடணும். வெங்கி பார்க்கணும்."

"நிதானமாப் போடுங்கோ," என்றாள் மாலா. "அதுவரைக்கும் இருக்கட்டும்."

மறுநாள் வியாழக்கிழமை. மாலா ஐந்தரைக்கு எழுந்து வழக்கத்தைவிட நான்கு கிலோ அரிசி கூடுதலாக ஊறவைத்தாள். ஸ்நேஹா போன் செய்தாள். வீடுகள் எத்தனை என்று கேட்டாள். ஞாயிறு வேறு வேலை இருக்கிறது என்றாள். அம்பி சரோஜினி நகர் போய் ஃபைல் அட்டை ஒன்றும் பச்சைத் தாள் ஒரு கட்டும் வாங்கிவந்து, 'பொருள்: பெயர் மாற்றம்' என்று எழுதினார். பகலில் இருபது பேர் கோயா கேட்டார்கள். இரண்டு பேர் மாவு வாங்கினார்கள். சாயங்காலம் மதன் பெரிய தூக்கோடு வந்தான். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனான்.