சுரண்டி, பிரைமர் அடிக்கப்பட்டது

நான் ரிட்டயர் ஆக இருபத்துமூன்று நாள் இருக்கும்போது என் கைவேலை டி.வி.யில் வந்தது. ராயபுரம் பக்கம் ஒரு வார்டு ஆபீசில் முப்பத்தோரு வருஷம் பெயிண்டராக இருந்தேன். தெருப் பெயர்ப் பலகை, கழிப்பறைச் சுவரில் ஆண்கள், பெண்கள், நடைபாதை ஓரத்துக் கறுப்பு மஞ்சள் கோடு எல்லாம் நான் அடித்ததுதான். எதையும் யாரும் நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு பலகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். 'வெள்ளைக்காரனை மீண்டும் கொண்டுவந்தது யார்?' என்று கீழே எழுத்து ஓடியது.

அந்தத் தெருவுக்கு ஒரு துரையின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு தியாகியின் பெயரை வைத்தார்கள். இரண்டு பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடி நாலு பேர் டி.வி. கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். துரை, தியாகி என்றே வைத்துக்கொள்வோம்.

1. மேலேயே அடி

பெயர் மாற்றும் உத்தரவு காலை பதினோரு மணிக்குக் கைக்கு வந்தது. திறந்து வைக்கப் பெரிய மனிதர் நாலு மணிக்கு வருகிறார். பலகை என்றால் தகரம் இல்லை, தெருமுனைச் சுவரில் பதித்த பழைய கல். பழைய பெயிண்டை ஸ்கிரேப்பரால் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் எனாமல் பெயிண்ட். கடற்கரை ஓரத்தில் இதில் ஒன்றை விட்டாலும் உப்புக்காற்று காட்டிக் கொடுத்துவிடும். இதை எங்கள் ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், சொன்னேன்.

"மூர்த்தி, நீங்க சுரண்டி முடிக்கறதுக்குள்ள அவர் வந்துட்டுப் போயிடுவார். மேலேயே அடிச்சு விடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

அடித்தேன். அவர் கல்லுக்கு மாலை போட்டபோது ஈரம் காயவில்லை, தியாகியின் மேல் நாலு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டது. ஆபீசுக்கு வந்து வேலை ரெஜிஸ்டரில் வழக்கமான வரியை எழுதினேன்: 'பழைய பெயிண்ட் சுரண்டி, பிரைமர் அடிக்கப்பட்டது.' கையெழுத்தும் போட்டேன்.

2. நாலு நாள்

ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. தியாகி செதில் செதிலாக உதிர, அடியிலிருந்து துரை எட்டிப் பார்த்தார். அதே தெருவில் ஆட்டோ ஓட்டும் சேகர் ஒரு போட்டோ எடுத்து, 'எங்க தெரு பழைய பேரு திரும்ப வந்துகினு கீது' என்று சிரிக்கிற பொம்மை வைத்து நெட்டில் போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். டி.வி.க்காரர்கள் சிரிக்கிற பொம்மையை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். துரை ரோடு போட்டவர் என்று ஒருத்தர், சவுக்கால் அடித்தவர் என்று ஒருத்தர், இது திட்டமிட்ட சதி என்று இரண்டு பேர். நாலு பேரில் ஒருத்தரும் அந்தத் தெருவுக்கு வந்து கல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சதி என்றால் சதிகாரன் வேண்டும். சேகரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் விடுவார்கள்.

"எனக்கு பிரஷ் புடிக்கவே தெரியாதுண்ணா," என்றான் என்னிடம். "சொன்னா, அப்ப ஆரை வச்சு எழுதினேன்னு கேக்கறாங்க."

கல்லுக்குக் கீழேயே இஸ்திரி வண்டி போட்டிருப்பவள் செல்லி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

"ஆரும் எழுதல நைனா. தானா உரிஞ்சிகினு கீது. தெனிக்கும் பாத்துகினுதானே கீறேன்."

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். உனக்கு சரித்திரம் தெரியுமான்றாரு."

ஏ.இ.யிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"சுரண்டலன்னு சொன்னா, ரெஜிஸ்டர்ல பொய் எழுதினீங்கன்னு ஆகும். கடைசி நாள்ல சஸ்பென்ஷன்ல இருந்தா ரிட்டயர் ஆக விடமாட்டாங்க. தெரியும்ல? அந்தப் பையனை ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க."

மேலேயே அடிக்கச் சொன்னது யார் என்பதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பயந்துவிட்டேன். சேகர் ஸ்டேஷனுக்குப் போகிற நேரம் பார்த்து வேறு தெரு வழியாக ஆபீசுக்குப் போனேன். நாலாம் நாள் செல்லி, "நாளைக்கு அவன் மேல கேஸ் போடறாங்களாம்" என்றாள். ஸ்கிரேப்பரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

3. கல்

கேஸ் எழுதுமுன் இடத்தைப் பார்வையிட என்று மறுநாள் கல்லுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர், ஏ.இ., இரண்டு கேமரா. நான் கேமராவைப் பார்த்தே சொன்னேன்.

"இதை யாரும் எழுதல சார். நான்தான் சுரண்டாம மேல அடிச்சேன். சுரண்டினதா பொய்யா எழுதி வச்சேன்."

ஏ.இ. செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஸ்கிரேப்பரை வைத்தேன். தியாகி அப்பளமாகப் பெயர்ந்து வந்தார். அடியில் துரை, பழைய பெயிண்டில், முழுசாக. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த ஆட்டோக்காரனை அனுப்பிடுய்யா" என்று போனில் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெயர் மாற்றியபோதே செய்ய வேண்டிய வேலையை அன்றைக்காவது முடிக்காமல் விடக் கை கேட்கவில்லை. துரையையும் சுரண்டினேன். அவருக்கு அடியிலும் பிரைமர் இல்லை. சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்ட, கல்லில் வெட்டிய எழுத்து தெரிந்தது: மூட்டைக்காரர் வீதி. துரை காலத்துப் பெயிண்டரும் சுரண்டவில்லை. அவனுக்கும் ஒரு ஏ.இ. இருந்திருப்பார்.

கேமரா என்னை விட்டுக் கல்லுக்குப் போனது. சாயங்காலம் டி.வி.யில் என் கை மட்டும் வந்தது, நான் சொன்னது வரவில்லை. மூட்டை தூக்கியவர்கள் துரையின் ஆட்களா, தியாகியின் ஆட்களா என்று அதே நாலு பேர் பேசினார்கள்.

"எங்க தாத்தா ஆர்பர்ல மூட்ட தூக்கினவருதான்," என்றாள் செல்லி. "என்னை ஒருத்தன் கேட்டானா?"

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ எதுவும் வரவில்லை. வழியனுப்பு விழாவில் ஏ.இ. சால்வை போட்டு, 'மறைந்திருந்த வரலாற்றை வெளிக்கொண்டு வந்தவர்' என்று வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாலையும் சால்வையுமாகச் சேகர் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தேன். இறங்கும்போது கேட்டான்.

"ஏண்ணா, மொதல் நாளே சொல்லியிருக்கலாமே."

சால்வையைக் கழற்றி அவன் சீட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யார் அவசரப்படுத்தினாலும் சுரண்டிவிட்டு அடியுங்கள். நீங்கள் சுரண்டாததற்கு வேறொருவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் அதைக் கேமரா முன்னால் சொல்லியும், ரெஜிஸ்டரில் என் வரி அப்படியேதான் இருக்கிறது: பழைய பெயிண்ட் சுரண்டி, பிரைமர் அடிக்கப்பட்டது. பின்னால் வருகிறவர்கள் அதைத்தான் நம்புவார்கள்.