நகைக்கடையில் எடைபோட்ட ஊசி

கப்பல் வேலையில் ஓய்வு பெற்று உவரியில் இருக்கும் என் மாமனார், வெளிநாடுகளில் வாங்கிய இசைத்தட்டுகளை எங்களிடம் கொடுத்தபோது ஒன்றை மட்டும் சொன்னார்: "ஊசி பாரமா அழுத்துச்சுன்னா தட்டு வீணாப் போயிரும், மாப்ள."

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்கி எங்கள் வீட்டில் இருந்த, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் மாட்டினேன். ஊசி தட்டை இரண்டு கிராம் எடையில்தான் அழுத்த வேண்டும். எங்கள் சமையலறை எடைமெஷினில் அவ்வளவு சின்ன எடை தெரியவில்லை.

"நகைக்கடைக்குப் போவோம்," என்றாள் மனைவி. டர்ன்டேபிளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வண்ணார்பேட்டைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "என்னவே, இதையா அடகு வைக்க வந்தீரு?"

விஷயத்தைச் சொன்னதும் உள்ளங்கை அளவுத் தராசு ஒன்றைத் தந்தார். அதைத் தட்டு சுழலும் இடத்தில் வைத்து, ஊசியைப் பைய இறக்கினேன். மூன்றரை கிராம் காட்டியது. ஊசியைத் தாங்கும் நீளக் கையின் பின்முனையில் இருக்கும் எடைக்குண்டைத் திருகத் திருக எடை குறைந்தது. கம்மல் பார்க்க வந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வந்துட்டு வே!" என்று முதலில் கத்தியவர் அண்ணாச்சிதான். "இங்கனயே ஒரு பாட்டுப் போடும்."

"ஸ்பீக்கர் வீட்டுல இருக்கு, அண்ணாச்சி."

சாயங்காலம் அண்ணாச்சி தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். யாருக்கும் மொழி புரியாத பாட்டுகளைத் தட்டின் இரண்டு பக்கமும் கேட்டு, தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.