யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்த ஊர்

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான்காவது இடம் வருவதற்குள் மூன்று இடங்களை நான் தட்டிக்கழித்திருந்தேன். முதல் பையன் போட்டோவில் கண்ணாடி இல்லாமல் இருந்தான், நேரில் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடியை மறைத்தவன் வேறு எதையெல்லாம் மறைப்பான்? இரண்டாவது வீட்டில் காபி கொடுத்துவிட்டு யாரும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் எல்லோரும் அளவுக்கு மேல் பேசினார்கள். “உங்களுக்கு வேண்டியது மாப்பிள்ளையா, குற்றவாளியா?” என்று என் மனைவி கேட்டாள். நான் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவன். முள் ஆடாமல் நின்றால் முதலில் மீட்டரைத்தான் தட்டிப் பார்ப்பேன். இது தொழில் பழக்கம், குணக்கேடு இல்லை என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நான்காவது வரன் என் மச்சான் பெண்டாட்டி மூலம் ஒரு போட்டோவும் விவரத்தாளுமாக வந்தது. பையனுக்குக் கடலூரில் வங்கி வேலை. அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். சொந்த மாடி வீடு. கீழே முகவரி: பதினான்காம் எண், பிள்ளையார் கோயில் தெரு, ஊர்ப் பெயர், கடலூர் மாவட்டம். மகள் போட்டோவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா” என்றாள். முந்தைய மூன்று தடவையும் “உங்க இஷ்டம்” என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவளுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம் கூடிவிட்டது.

சம்பந்தம் பேசுவதற்கு முன் ஊருக்குப் போய் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். டீக்கடையில் வண்டியை நிறுத்தி “வாத்தியார் வீடு எதுங்க?” என்று வழி கேட்டால் போதும், வழியோடு சேர்த்து அந்தக் குடும்பத்தின் கதையும் வந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் திண்டிவனம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் எந்தத் தெரு என்று சொல்வேன், சுற்றியுள்ள கிராமங்கள் தெரியாது. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பையன் வீட்டுக்குத் தகவல் போய்விடும், அவர்கள் வாசல் தெளித்து உட்கார்ந்துகொள்வார்கள். யாரையும் கேட்காமல் நேரே அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அதற்கு வழி என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான், தான் புது போன் வாங்கியதும், பழைய கையடக்கக் கம்ப்யூட்டரை என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தான். உள்ளங்கை அகலம், திரையில் குத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. கூடவே ஒரு குறுந்தகடு: சாட்டிலைட்டைப் பார்த்து வழி சொல்லும் மென்பொருள், இந்தியா முழுவதற்கும் வரைபடம். இத்தனையும் சும்மா கொடுக்கிறானே என்பதே எனக்கு உறுத்தல், அதனால் ஆறு மாதமாக உறையைப் பிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தேன். அவள் காண்ட்ராக்ட்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கோயில் யாத்திரைக்கு என்று அவளிடம் சொல்லிவைத்தேன். முதலில் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட வேண்டும், அப்புறம் வயரைச் செருகி இரண்டையும் பேச வைக்க வேண்டும். நடுவில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வந்தது.

“ஓகே கொடுங்கப்பா. எல்லாரும் படிக்காமதான் கொடுப்பாங்க.”

“அப்படிக் கொடுத்தவங்க கதி என்ன ஆச்சுன்னு யாராவது சொன்னாங்களா?”

அகராதியை வைத்துக்கொண்டு மொத்தமும் படித்தேன். மகள் அதற்குள் குளித்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு உறையில் அச்சடித்திருந்த நீளமான சாவி எண்ணை அவள் வாசிக்க நான் குத்தினேன், இரண்டு தடவை தப்பு என்றது. வரைபடம் கொள்ள இடம் இல்லை என்று நின்றது. வடக்கு, கிழக்கு, மேற்கை எல்லாம் நீக்கிவிட்டு, தெற்கை மட்டும் மெமரி கார்டில் போடச் சொன்னாள். அதற்கே மூன்று மணி நேரம் ஆனது. மாவட்டமெல்லாம் மின்வெட்டில் கிடந்த நாட்கள் அவை. எங்கள் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது என்பதால் வேலை பாதியில் நிற்கவில்லை. கடைசியில் அது என் வீடு எது என்று கேட்டது. சொல்வேனா? பஸ் ஸ்டாண்டைத் தொட்டுக் காட்டினேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாட்டிலைட் கிடைக்க வேண்டுமென்றால் திறந்த வெளியில் நிற்க வேண்டுமாம். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் மாமர நிழலை விட்டு நகர்ந்து வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன சார் அது?” என்றார். கால்குலேட்டர் என்றேன். “வானத்தப் பாத்துக் கணக்குப் போடறீங்களா?” என்றார். அந்த மனிதரிடம் நான் அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை.

தெரியாத ஊருக்கு அதை நம்பிப் போவதற்கு முன், தெரிந்த இடங்களை வைத்துச் சோதித்தேன். மந்தாரக்குப்பம் கடைத்தெரு, வடலூர் முனை, குள்ளஞ்சாவடி சந்தை. ஸ்கூட்டரில் போய் நின்று பார்த்தேன், மூன்றிலும் திரையில் என்னைக் காட்டும் புள்ளி சரியாக நான் நின்ற இடத்திலேயே நின்றது. மனிதர்கள் யாரும் என்னிடம் தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொன்னதில்லை. எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு பையனுடைய ஊரின் பெயரைக் குத்தினேன். சின்னத் திரையில் இரண்டு வரி வந்தது, இரண்டிலும் அதே பெயர். ஒரே ஊரை இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மேல் வரியைத் தொட்டேன். பக்கத்து வீட்டுக்காரரையும், மச்சானையும், மூன்று பையன் வீட்டாரையும் சந்தேகப்பட்டவன், அந்த ஒரு வரியைச் சந்தேகப்படவில்லை.

அது என்னைக் கம்மாபுரம் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு ஊருக்குக் கொண்டுபோய் விட்டது. பிள்ளையார் கோயில் இருந்தது, அதை ஒட்டித் தெருவும் இருந்தது. பதினான்கு என்று பெயிண்டில் எழுதிய வீட்டுக்கு மாடியும் இல்லை, ஆளும் இல்லை. ஓடு சரிந்திருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது, வாசலில் ஒரு ஆடு படுத்திருந்தது. கையிலிருந்ததை உயர்த்தி மறுபடியும் புள்ளியைச் சரிபார்த்தேன். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“இன்னாங்க அது கைல? நெலம் அளந்துகினு இருக்கீங்களா?” என்று ஒருவர் கேட்டார். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கம் ஓய்ந்ததே இல்லை. கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறவனை அவர்கள் சும்மா விடுவதில்லை.

“இல்லீங்க, மாடு பாக்க வந்தேன்.”

“யாரு வூட்டு மாடு?”

தெருக்கோடிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் காதில் இன்னொருவர் ஏதோ சொன்னார். அந்தக் குடும்பத்தின் குட்டு வெளிப்படாமல் காவல் காக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். அப்புறம் அவர்களே என்னை மூன்று வீட்டுக்குக் கூட்டிப்போய் மாடு காட்டினார்கள். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தும், “இங்க ஒரு வாத்தியார் வீடு இருக்கா?” என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லி வரனை வேண்டாம் என்றால் வம்பு. இப்படிப்பட்ட ஃப்ராடுகள் எதற்கும் துணிவார்கள். மச்சான் பெண்டாட்டிக்கும் எனக்கும் சண்டை வரும். ஜாதகம் சேரவில்லை என்று சொல்வதுதான் நம் ஊர் வழக்கம், யாரும் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள். குறையைப் பையன் பக்கம் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், நம் பக்கம் சொல்லிவிட்டால் சுமுகமாக முடிந்துவிடும். கடலூரில் ஒரு புது ஜோசியரைப் பார்த்ததாகவும், திருக்கணிதப்படி நம் பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் இருப்பதாகவும் சொன்னேன். விஷயம் கசியக் கூடாது என்று மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். மகளிடமும் அதைத்தான் சொன்னேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வரன் வருவது குறைந்துபோனது. மகள் செவ்வாய்க்கிழமைகளில் தாமதமாக வீடு திரும்ப ஆரம்பித்தாள். அன்றைக்கு ராத்திரி பசிக்கவில்லை என்று சாப்பிடாமல் படுத்துவிடுவாள். எனக்கு என்ன தோன்றியிருக்கும்? யாரையோ பார்க்கப் போகிறாள் என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். அவள் எங்கள் பிளாக் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றினாள், ஒரு விளக்கை ஏற்றினாள், திரும்பி நடந்தாள். வேறு யாரும் வரவில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டேன். அப்பனாக இருந்துகொண்டு நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான் என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்தவர் ஒருவரைப் பார்க்கக் குள்ளஞ்சாவடி போனேன். திரும்பும்போது மூன்று ரோடு கூடும் முக்கூட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். அதே பெயர். “அந்த ஊரு கம்மாபுரம் பக்கம் இல்ல இருக்கு?” என்றேன்.

“அது வேறங்க, இது வேற. ரெண்டு ஊரு இருக்குது. வழி கேட்டா எந்த ஊருன்னு மொதல்ல கேட்டுக்கினுதான் நாங்க சொல்லுவோம்.”

ஏறி உட்கார்ந்தேன். பிள்ளையார் கோயில் தெருவில் மாடி வீடு, வாசலில் பதினான்கு, வாத்தியார் பெயர் போட்ட பலகை. எதிர் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள், நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். “வாத்தியார் வூடா? போன தை மாசம்தான் பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. தங்கமான மனுஷங்க. மொதல்ல நெய்வேலில ஒரு பொண்ணு பாத்தாங்க. பத்துப் பொருத்தமும் இருந்துச்சாம். பொண்ணு வூட்டுக்காரங்களே செவ்வாய்னு பொய் சொல்லிட்டாங்க. பொண்ணு மேல ஏதோ இருக்குமோன்னு இவங்களும் வுட்டுட்டாங்க.”

திரும்பி வந்தபோது மணி ஏழு. மகள் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து நெற்றியில் குங்குமத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதே அவளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மனைவி அடுப்படியில் இருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வரி, மேல் வரி, மாடு, புது ஜோசியர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பது, எல்லாம். மனைவி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். மகள் அழப் போகிறாள், மனைவி திட்டப் போகிறாள் என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மகள் பையனைப் பற்றிக் கேட்கவில்லை.

“அப்ப எனக்குச் செவ்வாய் இல்லையாப்பா?”

“இல்லம்மா.”

“இல்லவே இல்லையா?”

“இல்லம்மா. நான் சொன்னதுதான்.”

மகள் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், அம்மாவிடம் சொன்னாள்:

“எனக்கும் ஒரு தட்டுல சோறு போடும்மா. பசிக்குது.”