காதில் இல்லாத வில்லை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் சந்தேகப்படுவது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா அதை என் முன்னால் வைத்து, "இதுல எங்க ஏமாத்துதான்னு பாரு தாயி" என்பார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழுக் கடன் தாள், மருத்துவமனைச் சீட்டு, செல்போன் கடைக்காரன் தந்த உத்தரவாத அட்டை, எதிலும் நான் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் எதிலாவது கையெழுத்தோ கைநாட்டோ போடுவதற்கு முன் என்னைத் தேடி வருவார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மதுரையில் புள்ளியியல் படிக்கிறேன். போன கோடை விடுமுறையில் சென்னையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் செய்யும் வேலை. எத்தனை பேருக்கு என்ன இழப்பு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கட்டணம் வைப்பதை ஆக்சுவரியல் வேலை என்பார்கள். மனிதர்களின் ஆயுளைக் கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கறவை மாடுகளின் ஆயுள்.

"மாட்டுச் சாவ எண்ணத்தான் ஒன்னய மதுரைக்கு அனுப்பிப் படிக்க வச்சமா?" என்று அம்மா கேட்டாள். அவள் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் வேலை செய்கிறாள். மறுநாள் மில்லில் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதற்குப் பிறகு தெருவில் பெண்கள் என்னைப் பார்த்தால், "இன்னைக்கு எம்புட்டு மாடுட்டி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வேலை இதுதான். காப்பீடு செய்த ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்துவார்கள். மாடு செத்தால், வில்லையோடு மாட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தச் சாவு உண்மையானது என்றால் நான் கணக்கில் சேர்க்க வேண்டும். பொய் என்று பட்டால் விலக்கி வைத்துவிட்டு, எனக்கு வழிகாட்டிய சாரிடம் சொல்ல வேண்டும். அவரை நான் லேப்டாப் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

படங்களைப் பார்க்கப் பார்க்க ஓர் ஊர் மட்டும் உறுத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையை ஒட்டிய சின்ன ஊர். மற்ற ஊர்களில் செத்துக் கிடந்த மாட்டின் காதிலேயே வில்லை இருந்தது. இந்த ஊரில் மட்டும் காதில் ஓட்டைதான் இருந்தது. வில்லை யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள்ளில் பிய்ந்ததுபோல் தெரியவில்லை. வில்லையின் பின்பக்கத் தண்டு பிளேடால் வெட்டியதுபோல் நறுக்கென்று இருந்தது.

சாரிடம் காட்டினேன். "நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார். உயிரோடு இருக்கும் மாட்டின் வில்லையை வெட்டி எடுத்து, எங்கோ செத்த வேறு மாட்டின் காதில் ஓட்டை போட்டு, பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. என் கணிப்பும் அதுதான். "அப்படின்னா அடுத்த வருஷம் அந்த ஊருக்கே இன்சூரன்ஸ் கிடையாது. இப்ப ஒரு லேடியோட க்ளெய்ம் பெண்டிங்ல இருக்கு, அதையும் தள்ளிடுவோம். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு தடவை நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ராஜபாளையம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் மாறி, அங்கிருந்து மினி பஸ்ஸில் போனேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஊர் வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குள் மினி பஸ்ஸிலிருந்தே செய்தி போய்விட்டது போல. இறங்கி நடந்தபோது வாசல்களில் பேச்சு நின்றது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மாட்டுக் கொட்டகையில் கயிறு கட்டியபடியே இருந்தது. ஓரத்தில் ஒரு கிடாரி மட்டும் நின்றது.

"காப்பீட்டுக் கம்பெனில இருந்து வாரேன்க்கா. செத்த மாட்டப் பத்திக் கேக்கணும்."

"கேக்கவேண்டியவக எல்லாம் கேட்டாச்சு. போட்டாவும் எடுத்தாச்சு. நீ என்ன, மாட்டுக் கருமாதிக்கு வந்தியாக்கும்?"

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்தப் புள்ள பையில காசு இருக்கான்னு பாரு. இல்லன்னா தண்ணியக் குடுத்து பஸ் ஏத்தி விடு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. "வில்லை எங்கக்கா கிடந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதக் கிடக்கவா விடுவேன்? பத்திரமால்ல வச்சிருந்தேன்!"

உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தாள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் அதில் இருந்தன. "இதுக்குள்ளதான் இருந்துச்சு. மாடு சாகுறவரைக்கும்."

"காதுல போட்டத ஏன்க்கா எடுத்தீங்க?"

"வில்ல தொலஞ்சா ஒத்தப் பைசா கிடையாதுன்னு, போட வந்த அவியதான் சொல்லிட்டுப் போனாக. எம் மாடு முள்ளுக்குள்ள பூந்து வார மாடு. மேலத்தெருவுல ஒரு மாட்டுக்குக் காதோட பிச்சுட்டுப் போச்சு. தேடித் தேடிப் பாத்தாக, கிடைக்கல. அதான் எங்க வீட்டுக்காரரு பிளேட வச்சு மெதுவா வெட்டி எடுத்தாரு. காட்டு வேலைக்குப் போகயில நாங்க கம்மலக் கழட்டி வச்சுட்டுத்தான போறோம்?"

"காதுலயே இருக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"காதுல குத்துனா காதுலதான இருக்கும்னு நெனச்சிருப்பாக. எங்களப் பத்தி அவியளுக்கு என்ன தெரியும்?"

எல்லாம் பொருந்தி வந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. யாரோ சொல்லிக் கொடுத்த பதிலாகவும் இருக்கலாம். அவள் சொல்வது உண்மையென்றால், உயிரோடு இருக்கும் மாடுகளின் வில்லையும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஏமாற்று என்றால் மாடு நிற்கும், வில்லை இருக்காது. அது ஏற்கெனவே ஏதாவது பிணத்தோடு படம் பிடிக்கப் போயிருக்கும். யாரிடமும் சொல்லாமல் ஓடையைத் தாண்டி இருந்த வீடுகளுக்கு நடந்தேன்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் பால் கறந்துகொண்டிருந்தார். மாட்டின் காதில் ஓட்டை மட்டும். வில்லையைக் கேட்டதும் கறப்பதை நிறுத்திவிட்டார். "செத்த பொறவுதான கேப்பாக? எம் மாடு நல்லாத்தான் இருக்கு. நீ வாய வைக்காத" என்றார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய், இரும்புப் பெட்டியிலிருந்து வேட்டியில் சுற்றிய வில்லையை எடுத்து வந்தார். போனில் இருந்த பட்டியலில் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. மாட்டின் நிறமும் கொம்பும் சரியாக இருந்தன.

அடுத்த வீட்டில் இரண்டு மாடுகள். இரண்டு வில்லைகளும் ஒரே சுருக்குப் பையில். எது எந்த மாட்டுக்கு என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை.

"இது செவலைக்கு."

"கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? இது மயிலைக்குய்யா!"

"எதா இருந்தா என்ன, ரெண்டும் நம்ம மாடுதான?"

எனக்குத் தலை வலித்தது. அவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். என் கணக்குக்கு அந்த வில்லைகள் இனி ஒன்றுக்கும் உதவாது.

மூன்றாவது வீட்டில் வில்லை இருந்தது, மாடு இல்லை. "மேய்ச்சலுக்குப் போயிருக்கு. செத்த நேரத்துல வந்துரும்" என்றார் அந்த வீட்டுக்காரர். காத்திருந்தேன். வரவில்லை. எங்கே மேய்கிறது என்று கேட்டேன். வனத்துறை செக்போஸ்ட் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்கதான், பக்கத்துல" என்றார். காட்டுக்குள் மாட்டை விட்டிருக்கலாம். அதைச் சொல்லப் பயந்திருக்கலாம். மாட்டை விற்றிருக்கவும் கூடும். எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாட்டைப் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஊரு பூரா என்னய விசாரிச்சியாக்கும்?"

"உங்களப் பத்திக் கேக்கலக்கா. வில்லையப் பத்தித்தான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி."

போனை எடுத்தேன். காப்பீடு செய்த அன்று எடுத்த படத்தையும், மாடு செத்த அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவரை இந்த மாட்டில் வில்லையையும் காதையும் மட்டுமே பார்த்திருந்தேன். இடது கொம்பு கீழே வளைந்திருந்தது. நெற்றியில் வெள்ளை, மூக்குவரை இறங்கி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு படத்திலும் ஒரே சாய்வு. முதல் படத்தில் காதில் வில்லை இருந்த இடத்தில்தான் இரண்டாவதில் ஓட்டை இருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். முதல் படத்தில் மாட்டின் பக்கத்தில் அவளும் நின்றாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இந்தா நிக்கிறாளே, இவ அப்ப வயித்துல இருந்தா" என்று கிடாரியைக் காட்டினாள். போனைத் திருப்பித் தர நேரமானது. நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ப் பக்கம் வேற. தெரிஞ்சவங்களா? சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

முந்தின நாள் முழுவதும் அந்த ஊர் என்னைக் கம்பெனி ஆளாகப் பார்த்தது. இவர் என்னை ஊர் ஆளாகப் பார்த்தார்.

"யாரையும் தெரியாது சார். தெரிஞ்சவங்களா இருந்தா சந்தேகம் கூடி இன்னும் ரெண்டு வீடு சேத்துப் பாத்திருப்பேன்" என்றேன். "நான் நம்பாத வீட்டையும் எழுதியிருக்கேன். வில்லை கலந்துபோன வீட்டையும் எழுதியிருக்கேன். அந்த அக்கா மாட்டோட ரெண்டு படமும் அனுப்பியிருக்கேன். என்னை நம்ப வேண்டாம் சார். கொம்பப் பாருங்க, நெத்தியப் பாருங்க."

"சரி, மேல அனுப்புறேன்" என்றார். அனுப்புவாரா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. தினமும் காலையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதி அவருக்கு அனுப்பினேன். தொல்லை தாங்காமலோ கொம்பைப் பார்த்தோ, கடைசியில் அந்தப் பெண்ணின் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஊரும் திட்டத்தில் நீடித்தது. எல்லா மாட்டுக்கும் புது வில்லை போட வேண்டும், அது காதிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வில்லை போடும் நாளில் போய் இதை விளக்கிச் சொல்லும்படி சார் கேட்டுக்கொண்டார். என் பயிற்சியின் கடைசி வேலை அது.

கிடாரிக்கு வில்லை குத்தி முடித்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "நாளைக்கு முள்ளுல பிச்சுட்டுப் போச்சுன்னா?"

"ஒடனே மாட்டாஸ்பத்திரில சொல்லிருங்கக்கா. வேற வில்ல போடுவாங்க. பணம் போகாது. கம்பெனியே சொல்லியிருக்கு."

"அன்னைக்கு வில்ல போட வந்தவகளும் இப்படித்தான் வாயால சொல்லிட்டுப் போனாக."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சொன்னதையெல்லாம் தெளிவாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டு நேராக மினி பஸ்ஸுக்குப் போனாள். படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரிடம் நீட்டினாள்.

"அந்தப் பிள்ள சொன்னதத்தான் எழுதியிருக்கா? இல்ல வேற ஏதும் எழுதியிருக்கான்னு சத்தமாப் படிங்கண்ணே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நிமிர்ந்து நின்றேன். படித்து முடித்ததும், "கீழ என்ன கிறுக்கியிருக்கு?" என்று கேட்டாள். கையெழுத்து என்றார் கண்டக்டர். "யாரு கையெழுத்துன்னு எப்படித் தெரியும்? பேர எழுதச் சொல்லுங்க" என்றாள்.

பேனாவைத் திறந்து, பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதிக் கொடுத்தேன். அதையும் அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான், தாளை மடித்து மஞ்சப்பைக்குள் ஆதார் அட்டைக்கு அடியில் வைத்தாள்.