ஆயுத பூஜைக்கு அணைத்த மெஷின்

தாட்சாயிணிக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, அம்பத்தூர் எஸ்டேட்டே தாங்காது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, அந்த வால்வு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ஒண்டியாளாகக் கட்டி மேய்க்கிறவள். தொண்ணூற்றெட்டில் அங்கே ஒரு நேம் சர்வர் இருந்தது. கம்பெனிக்கு யாராவது மெயில் போட்டால், அது எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வது அதுதான்.

முதலாளி உலகநாதன் ஆயுத பூஜைக்கு அதையும் அணைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். “இது மட்டும் ஓடட்டும் சார்” என்று கெஞ்சினாள். “லேத்துக்கே லீவு. இதுக்கு மட்டும் என்னம்மா, கொம்பா முளைச்சிருக்கு?”

பூஜை முடிந்து காலையில் மெஷினைப் போட்டால், வெளியிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை. ஜெர்மன் ஆர்டர் வர வேண்டிய நாள் வேறு. உலகநாதன் ஷெட்டுக்கு நடுவில், லேத்துக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். “ஒரு பொம்பளைய நம்பி விட்டேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா வீட்டோட கெட!” அணைக்கச் சொன்ன வாயா இது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தாள். லைன் சரி. மெயில் மெஷின் சரி. நேம் சர்வரையே கேட்டுப் பார்த்தாள். அது கம்பெனியில் இல்லவே இல்லாத ஒரு மெஷினின் முகவரியைச் சொன்னது. அது முகவரிகளைப் படித்துக்கொள்கிற ஃபைலைத் திறந்தால் அதிலும் அதேதான். அவள் எழுதியதல்ல.

முதலாளியின் மச்சினன் நாகேந்திரன் எட்டிப் பார்த்தான். “அதுவா? நீ தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டியே, அப்ப நான்தான் மாத்தி வெச்சேன். புது மெஷின் வாங்கலாம்னு மாமா சொல்லிகினு இருந்தாரு. ஒண்ணும் ஆவலையே, இத்தினி நாளு நல்லாத்தானே ஓடிச்சு?”

ஓடாமல் என்ன செய்யும்? மெஷினைப் போடும்போது ஒரு தடவைதான் அது ஃபைலைப் படிக்கும்; மறுபடி அணைத்துப் போடும்வரை முன்பு படித்ததையேதான் சொல்லிக்கொண்டிருக்கும். அடப்பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

திருத்தினாள். சாயங்காலம் மெயில்கள் வந்து குவிந்தன, ஜெர்மன் ஆர்டரும்தான்.

உலகநாதன் ரூமுக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விடும்மா. நம்ம பையன், தெரியாம பண்ணிட்டான்.”

“திட்டினது ஷெட்டுல சார். சமாதானம் மட்டும் ரூமுக்குள்ளயா?” கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள். “அங்க வந்து சொல்லுங்க. இல்லன்னா நானே வீட்டோட கெடக்கிறேன்.”

அவர் வெளியே வந்து என்னவோ முணுமுணுத்தார். லேத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூத்த லேத்துக்காரர் வேலுசாமி தன் மெஷினை நிறுத்தினார். பக்கத்து லேத்தும் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே நின்றன.

“இப்பச் சொல்லுங்க சார்” என்றாள் தாட்சாயிணி. “காலையில கத்தின அதே சத்தத்துல.”